காலுக்கு வந்த வருத்தம்

போன மாதம் போர்ட் பிளேயரில், எங்கள் சுகாதாரத் துறையில் ஓய்வு பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு தேநீர் விருந்து கொடுத்தார்கள். புதிதாக வந்திருக்கும் மனநல டாக்டர் ஒருவர், சின்ன வயதுப் பெண், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் இருந்த போனில் மூளையின் வண்ணப் படத்தைக் காட்டினார். நடுவில் ஆழமாக ஒரு சிவப்புப் புள்ளி. "பயம் கிளம்புற இடம் சார் இது" என்றார். பிறகு கேட்டார்: "உங்க காலத்துல தீவுகள்ல மனநல டாக்டரே கிடையாதே. பயந்து போய் வர்ற ஆளுகளுக்கு என்ன செய்வீங்க?"

"அம்மோனியா காட்டுவோம்" என்றேன். அவர் நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான், பாதி பதிலை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்று உறைத்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் ஜில்லா. ஐம்பதுகளில் வாப்பா போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் கடை போட்டபோது உம்மாவோடு கப்பலேறி வந்தவன். கடையில் மனம் ஒட்டவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் புண் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். மருந்து கலக்கப் படித்தேன். கம்பவுண்டர் ஆனேன். அந்த வருடங்களில் நான் கற்றவற்றில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். கை கால் விறைத்தோ மூர்ச்சை போட்டோ பெண்கள் வந்தால், அம்மோனியா பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடிப்பார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட அவர்கள் திணறி எழுந்து உட்காருவார்கள். "பாத்தியா காதர், எல்லாம் நடிப்பு" என்பார். நானும் அப்படியே செய்தேன். அது வைத்தியம் என்றே நம்பினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைக் கச்சால் தீவுக்கு மாற்றினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்டம் போடக் குடியேற்றியிருந்தார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, வந்தவர்களுக்கு இந்தி தெரியாது. இரண்டும் தெரிந்த கம்பவுண்டர் வேண்டியிருந்தது. போர்ட் பிளேயரில் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் ஏறி, கச்சாலுக்கு வெளியே கப்பல் நிற்க, படகுக்கு மாறி, கடைசியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து கரை சேர்ந்தேன். பெட்டியைத் தலையில் வைத்திருந்தேன். கரையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் டாக்டர் அனிமா.

அவருக்கு இருபத்தொன்பது வயது. என்னைவிட ஐந்து வயது இளையவர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து அந்தமானில் நிலம் பெற்ற குடும்பத்துப் பெண். கல்கத்தாவில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். தீவு இந்தியில் பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். நோயாளியைப் பார்க்கும்போது நாற்காலியில் உட்கார மாட்டார். மருந்து வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணுக்குச் சமமாக உட்காருவார். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைப்பார். நோயின் பெயரை முதலில் பென்சிலால் எழுதுவார். மறுநாளும் அதே பெயர் சரியென்று பட்டால்தான் பேனா. எனக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகத் தோன்றியது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் சன்னாசி என்பவர் தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். அவள் பெயர் பாக்கியம். முப்பது வயதுக்குள் இருக்கும். நாற்றங்காலில் ரப்பர்க் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலை. மூன்று நாள் முன்பு அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, அவர்கள் பேச்சில் லயத்துக்கு, பின்னால் மேட்டிலிருந்து கொஞ்சம் மண் சரிந்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை. ஒரு கோழிக்கூடு மட்டும் மூடிப்போயிற்று. சத்தம் கேட்டு எல்லோரோடும் வெளியே ஓடிய பாக்கியம், ஓடி நின்ற இடத்தில் விழுந்தாள். அன்றிலிருந்து வலது கால் அசையவில்லை.

"என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன்.

"காலுக்குத்தான் வருத்தம் பாயி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய். ராமநாதபுரத்தில் வருத்தம் என்றால் மனக்கவலை. டாக்டரிடம், "மேடம், இவளுடைய காலுக்குத் துக்கமாம்" என்று வேடிக்கையாகச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் செய்த பரிசோதனை இன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. காய்ச்சல் வந்ததா, முதுகில் அடிபட்டதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று கேட்டார். இரண்டு தொடைகளையும் நூலால் அளந்தார். சதை வற்றவில்லை. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். இரண்டு காலும் ஒரே மாதிரி உதறின. உள்ளங்காலில் சாவியால் கீறினார். விரல்கள் ஒழுங்காகக் கீழ்ப்பக்கம் மடங்கின. கடைசியாக, தன் உள்ளங்கையை அவளுடைய வலது குதிகாலுக்கு அடியில் வைத்து, "கீழே அமுக்கச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். பாக்கியம் பல்லைக் கடித்து முயன்றாள். நெற்றியில் வியர்த்தது. கால் அசையவில்லை. கையை எடுக்காமலே, "இப்போது நல்ல காலை மேலே தூக்கச் சொல்லுங்கள்" என்றார். பாக்கியம் இடது காலைத் தூக்கினாள். டாக்டரின் முகம் மலர்ந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை.

"நரம்பில் எந்தப் பழுதும் இல்லை. பயத்தில் கால் நின்றுபோயிருக்கிறது. திரும்பி வரும். இதை அவளிடம் சொல்லுங்கள்" என்றார். அப்போது வாசலில் ஒரு பிரசவ கேஸ் வந்து நிற்கவே அவசரமாக எழுந்து போனார்.

நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "உனக்கு ஒண்ணுமில்ல. சும்மா பயம். எந்திரி."

அவள் எழவில்லை. நான் அலமாரியைத் திறந்து அம்மோனியா பாட்டிலை எடுத்தேன். மூடியில் கை வைத்தபோது, உள்ளே எதற்கோ திரும்பி வந்த டாக்டர் பார்த்துவிட்டார். "அதை இருந்த இடத்தில் வையுங்கள்" என்றார். குரல் உயரவில்லை. வைத்துவிட்டேன். சன்னாசி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் சன்னாசி மட்டும் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "பாயி சொன்னதுலேருந்து அவ வாயத் தொறக்கல. தேத்தண்ணிகூட எறங்கல. லயத்துல எல்லாரும் பொய்க்காரிங்கிறாங்க. அவ நடிக்கிறான்னு பெரியவருக்குச் சேதி போயிருச்சு. வேலைக்கு ஆகாதவன்னு எழுதிட்டா எங்கள அடுத்த கப்பல்ல பழையபடி அகதி முகாமுக்கே அனுப்பிருவாங்களாம். நாங்க எங்கிட்டுப் போறது பாயி?"

பெரியவர் என்று அவர் சொன்னது தோட்டத்து மேற்பார்வையாளரை. டாக்டர் என்னைப் பார்த்தார். "நேற்று அவளிடம் என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன்.

"அதைத் திருப்பி இந்தியில் சொல்லுங்கள்."

"குச் நஹி ஹை" என்றேன். ஒன்றுமில்லை. நரம்பில் பழுதில்லை என்று அவர் சொன்னதைத்தான் உனக்கு ஒன்றுமே இல்லை என்று நான் மாற்றியிருந்தேன். மூன்று நாளாகக் கால் வராமல் கிடக்கும் ஒருத்தியிடம் அப்படிச் சொன்னால் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? நீ பொய் சொல்கிறாய் என்றுதான். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மதியம் லயத்துக்குப் போவோம் என்று மட்டும் சொன்னார்.

நான் ஊசிகளைக் கொதிக்க வைக்கப் போனேன். மனம் அங்கே இல்லை. அலமாரியின் மேல் சுருட்டி வைத்திருந்த ரப்பர்க் குழாய் நழுவி என் வெறுங்காலின் மேல் விழுந்து நெளிந்தது. அந்தமானில் இருப்பவர்களுக்குக் கான்கஜூரா என்றால் என்னவென்று தெரியும். முழநீளப் பூரான். கடித்தால் ஒரு வாரம் அலற வேண்டும். நான் கத்திக்கொண்டு ஒரே தாவலில் வாசற்படிக்குப் போய்விட்டேன். தட்டு ஒரு பக்கம், ஊசிகள் ஒரு பக்கம்.

டாக்டர் ஓடிவந்து குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "நூற்றிருபது" என்றார். "கை சில்லென்று இருக்கிறது. வாய் உலர்ந்திருக்கிறதா?"

உலர்ந்திருந்தது. கால் வெடவெடத்தது.

"காதர் பாய், அங்கே பூரானே இல்லையே. நடிக்கிறீர்களா?"

அவர் மரப்பெட்டியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். மூளைக்குள் ஆழத்தில், காதுக்கு நேராக, பாதாம்கொட்டை அளவில் ஒரு பகுதி இருக்கிறது. பயத்துக்கு அதுதான் முதல் இடம். நீங்கள் பார்த்து, யோசித்து, இது குழாய் என்று தீர்மானிக்கும்வரை அது காத்திருக்காது. சிறுநீரகத்தின் மேல் குந்தியிருக்கும் சுரப்பிக்குச் சேதி போய்விடும். "நாம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோமே அட்ரினலின், அதே மருந்து இப்போது உங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. அந்த மருந்துக் குப்பியை உடைத்தது யார்? நீங்களா?"

"நான் இல்லை மேடம்."

"பாக்கியத்தின் காலைப் பிடித்துவைத்ததும் பாக்கியம் இல்லை. சிலருக்குப் பயத்தில் நெஞ்சு அடிக்கும். சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். சிலருக்குக் கால் கேட்காது. ஏன் ஒருவருக்கு இப்படி, இன்னொருவருக்கு அப்படி என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் பொய் இல்லை."

பதினைந்து வருடம் மருந்து கலக்கிக் கொடுத்த எனக்கு, பயம் உடம்பில் நடக்கும் ஒரு காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் மூக்கருகே பாட்டிலைப் பிடித்த முகங்கள் வரிசையாக வந்தன. கீழே சிதறிக் கிடந்த ஊசிகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

மதியம் லயத்துக்குப் போனோம். பாக்கியம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். "பாக்கியம், நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். டாக்டரம்மா சொன்னது அது இல்ல. நரம்பு அறுந்து போகல, எலும்பு முறியல. ஆனா உனக்கு வந்திருக்கிறது வருத்தந்தான். நெச வருத்தம். நீ பொய் சொல்லல. பயத்துல மூளை உன் காலப் பிடிச்சு வச்சிருக்கு. பிடிச்சது விடும்."

அவள் மெல்லத் திரும்பினாள். "நெசமாவா பாயி?"

டாக்டர், சன்னாசியின் கையை அவளுடைய வலது குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். அமுக்கு என்றபோது ஒன்றும் நடக்கவில்லை. இடது காலைத் தூக்கு என்று நான் சொன்னேன். அவள் தூக்கினாள்.

"அமுக்குது!" என்று சன்னாசி கத்தினார். "ஏ பாக்கியம், கால் அமுக்குதுடி! என் கை நசுங்குது!"

நல்ல காலைத் தூக்கும்போது மற்ற கால் தானாகக் கட்டிலை ஊன்றும். முந்தின நாள் டாக்டரின் முகம் மலர்ந்தது இதற்குத்தான். அவள் கட்டளையிட்டால் வராத பலம், அவள் கவனம் வேறிடத்தில் இருந்தால் வந்தது. அன்று பாக்கியம் ஒரு குவளை தேத்தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "ஒரே வார்த்தை எழுதிக் கொடுங்கள் டாக்டர். நோயா, நடிப்பா? மேலே நான் பதில் சொல்ல வேண்டும்."

டாக்டர் அன்று பென்சிலைத் தொடவே இல்லை. பேனாவை எடுத்து எழுதி நீட்டினார். நோய் உண்மையானது, குணமாகக்கூடியது, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை.

"ஆறு வாரத்தில் நடக்கவில்லை என்றால்?"

"அப்போது என்னைக் கேளுங்கள். அவளைக் கேட்காதீர்கள்."

அவர் போன பிறகு, "மேடம், கட்டாயம் நடப்பாளா?" என்று கேட்டேன். "தெரியாது" என்றார். "ஆனால் அடுத்த கப்பல் வருகிறது என்று பயமுறுத்திக்கொண்டே இருந்தால் கட்டாயம் நடக்க மாட்டாள். நாங்களும் கப்பலில் வந்தவர்கள்தான்."

தினமும் காலையில் சன்னாசி அவளை டிஸ்பென்சரிக்குச் சுமந்து வருவார், ஒரு மணி நேரம் பயிற்சி. என் பொறுப்பு. கைப்பிடியைப் பிடித்து நிற்பது, எடையை ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாற்றுவது, காலடியில் துணியை வைத்துச் சறுக்குவது. முன்னால் ஓர் அடி வை என்றால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வாரம் டாக்டர் திடீரென்று, "பின்னால் நடக்கச் சொல்லுங்கள்" என்றார். பாக்கியம் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். சன்னாசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். வந்தது! இன்னொன்று. அதுவும் வந்தது. பழகிப்போன நடையைத்தான் பயம் பிடித்து வைத்திருக்கிறது, இது புதிய நடை, இதைப் பிடிக்க அதற்குத் தெரியவில்லை என்றார் டாக்டர். அன்று பாக்கியம் டிஸ்பென்சரி வாசல்வரை பின்னாலேயே நடந்தாள். சீட்டு வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடி, திரும்பிப் பாக்க முடியல, வழி விடுங்க" என்று அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில் ஒரு நாள், கைப்பிடியைப் பிடித்து நின்றபடி, நான் கேட்காமலே சொன்னாள். "அங்க தேயிலத் தோட்டத்துல நாங்க சின்னப் புள்ளைகளா இருக்கப்ப மண்ணு சரிஞ்சுச்சு பாயி. மலையே எறங்கி வந்த மாதிரி. தங்கச்சி கையப் பிடிச்சிருந்தேன். அவ கை எப்ப நழுவுச்சுன்னு தெரியல. இந்தக் காலுதான் ஓடுச்சு. அவள விட்டுட்டு ஓடிருச்சு."

அன்று மாலை டாக்டரிடம் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அதனால்தான் கால் நின்றதா என்று கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். அவள் சொன்னாள், நீங்கள் கேட்டீர்கள். அது போதும். நாளை பயிற்சியை விடாதீர்கள்" என்றார்.

ஐந்தாவது வாரம் டாக்டர் ஒரு கஷ்டமான பிரசவத்துக்காகப் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தார். பாக்கியம் அப்போது கம்பை ஊன்றி முன்னாலும் நடக்கத் தொடங்கியிருந்தாள். அன்று முற்பகலில் வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. டிஸ்பென்சரியின் தகரக் கூரையில் அந்தச் சத்தம் மண் சரிவதுபோலவே இருந்தது. எனக்கே அப்படிக் கேட்டது. பாக்கியம் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். கம்பு கையிலிருந்து விழுந்தது. முகம் வெளுத்து, மூச்சு மேலும் கீழுமாய் வாங்க, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "போச்சு பாயி. கால் போச்சு. மறுபடியும் போச்சு."

கேட்பதற்கு டாக்டர் இல்லை. அலமாரியில் அந்த பாட்டில் இருந்தது. என் கண் அங்கே போனதை மறைக்கப் போவதில்லை. போனது. ஆனால் கை போகவில்லை. மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்து நாடியைப் பிடித்தேன்.

"நூத்தி முப்பது. ஓடுது. நல்லா ஓடுது. பயம் மருந்து உள்ள எறங்கியிருக்கு. எறங்குனது வடியும். மூச்ச மெதுவா விடு. வாங்குறதப் பத்திக் கவலப்படாத, விடுறத மட்டும் மெதுவா விடு."

அவள் விட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூற்றிருபத்திரண்டு என்றேன். மழை நிற்கவில்லை. நூற்றுப் பதினான்கு என்றேன். நூற்றிரண்டு வந்தபோது அவளே, "மழதான பாயி இது?" என்று கேட்டாள்.

"மழதான். போயி ஒரு தடவ பாத்துருவமா?"

எழுந்தாள். முன்னால் வைக்க முயன்றாள், வரவில்லை. திரும்பி நின்று, என் கைகளைப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே ஓர் அடி, இன்னோர் அடி என்று வராந்தாவுக்கு வந்தாள். சாரல் முதுகில் அடித்தபோது நடுங்கினாள். பிறகு தானாகவே திரும்பி மழையைப் பார்த்தாள். தூரத்தில் லயத்துக்குப் பின்னால் அந்த மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. நீர் வழிந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அங்கே வெகுநேரம் நின்றோம். உள்ளே போகும்போது அவள் முன்னோக்கி நடந்ததை இருவருமே பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தோம்.

டாக்டர் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நாடியின் எண்களைக்கூடச் சொன்னேன். "நான் இருந்திருந்தால் இத்தனை நன்றாகச் செய்திருக்க மாட்டேன். எனக்கு அவள் மொழி தெரியாது" என்றார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு பல. நான் வீட்டில் சொல்லிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

ஆறாவது வாரக் கடைசியில் பாக்கியம் நாற்றங்காலுக்கு நடந்து போனாள். லேசான விந்தல் இருந்தது. அதுவும் பிறகு தெரியாமல் போயிற்று. மேற்பார்வையாளர் அந்தச் சீட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை. மறு வருடம் டாக்டர் அனிமாவுக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களிடம் வேலை பார்த்தேன். நெஞ்சடைப்பு என்று வந்து நெஞ்சில் ஒன்றும் இல்லாதவர்கள், குரல் போய் வந்தவர்கள், கை மரத்து வந்தவர்கள் என்று நிறையப் பேரைப் பார்த்தேன். எல்லோரும் குணமானார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரிடமும் "உனக்கு ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னதில்லை.

டாக்டர் போவதற்குச் சில நாட்களுக்கு முன் இன்னொரு கப்பல் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்தது. மருந்துப் பெட்டியோடு நானும் கரைக்குப் போயிருந்தேன். அன்று கடல் சற்றுப் புரண்டுகொண்டிருந்தது. படகு கரைக்குச் சற்றுத் தள்ளி நின்று ஆடியது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர் இந்தியில் அதட்ட, அவள் இன்னும் இறுகிப்போனாள்.

கரையில் வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்திலிருந்து பாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால்வரை, பிறகு தொடைவரை. படகருகே போய்க் கையை நீட்டினாள்.

"எறங்க முடியாதுக்கா" என்றாள் அந்தப் பெண். "ஒடம்பெல்லாம் நடுங்குது."

"நடுங்கட்டும்" என்றாள் பாக்கியம். "அது பாட்டுக்கு நடுங்கட்டும். நீ நடுங்கிக்கிட்டே எறங்கு. நானும் நடுங்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

அவள் சொன்னது உண்மை. அலை வந்து இடிக்கும்போதெல்லாம் நீட்டிய கை நடுங்கியதை நான் கரையிலிருந்தே பார்த்தேன். அந்தப் பெண் விளிம்பை விட்டு அந்தக் கையைப் பிடித்தாள். தண்ணீரில் கால் வைத்தாள்.